கட்டடத்துக்குச் சட்டை தைத்த ஆரோக்கியமேரி

சந்தாபுராவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள், தைக்கத் துணி கொடுத்தால் முதலில் அதைக் கொளுத்துவாள் என்று ஒரு பேச்சு பொம்மசந்திரா வரை உலவிக்கொண்டிருந்தது. வெறும் பேச்சில்லை, சாட்சிகளோடு கூடிய பேச்சு. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவையைப் பற்றவைத்துவிட்டாளாம், பெண்வீட்டார் கதறிக்கொண்டே போனார்களாம், முகூர்த்தமே தள்ளிப்போயிற்றாம். பஸ் நிறுத்தத்தில் இதைச் சொன்னவர் தான் மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். பக்கத்தில் நின்ற இளநீர்க்காரர் அவரையும் மிஞ்சி, தீயணைப்பு வண்டி வந்ததைக் கண்ணாரப் பார்த்ததாகச் சொன்னார். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டதும் காய் சீவுவதில் மும்முரமாகிவிட்டார்.

இந்த மாதிரிச் சேதியைச் சரிபார்க்க ஒரே வழிதான் உண்டு. ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்க வேண்டும்.

ஆனேக்கல் போகும் சாலையில் மலரின் டீக்கடையை ஒட்டிய ஒற்றை ஷட்டர்தான் கடை. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள், ஒரு மாதா படம், முடியாத ரவிக்கைகளின் மலை ஒன்று. மெஷின் மேஜையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. அதைப் பார்த்ததுமே பாதி வதந்தி ருசுவாகிவிடும். மீதியை மலர் கேட்காமலே ருசுப்படுத்துவாள்.

"கொளுத்துவாங்களான்னுதானே பாக்குறீங்க? கொளுத்துவாங்க. தைக்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"தைக்கத்தான்."

"அப்ப துணியைக் குடுத்துட்டு ஒரு டீ சொல்லுங்க. பயப்படாதீங்க, ஆளைக் கொளுத்த மாட்டாங்க."

உள்ளே நடப்பது என்னவோ சின்ன விஷயம்தான். ஆரோக்கியமேரி துணியின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவுவாள். தீக்குச்சி கிழித்து அதன் நுனியில் காட்டுவாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய், டாக்டர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடுவாள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக உட்கார்ந்தால் பாலியெஸ்டர், கடைக்காரன் என்ன சத்தியம் செய்திருந்தாலும் சரி.

இது பொம்மசந்திராவில் அவள் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு, அந்த ஊரில் பாதிப் பேரைப் போலவே அவளும் விடியற்கால ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் வந்து போனாள். கம்பெனியில் அவளைத் துணி சோதிக்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். தைக்கிறவர்களுக்கு நிமிர நேரமில்லாத இடத்தில் இவளுக்கு மட்டும் கையில் தீப்பெட்டியோடு சம்பளம். கல்யாணமாகிச் சந்தாபுராவில் குடியேறி, கம்பெனியை விட்டுச் சொந்தக் கடை போட்டபோது கூட வந்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான். கணவன் ஜெயவேலு, வீட்டுக்குப் புது லுங்கி வாங்கிவந்தால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். "மடிச்சி கொண்டாந்தா உன் மூக்குக்கு ஓரம் போவுது" என்பான்.

கல்யாணப் புடவை விவகாரமும் விசாரித்ததில் தெளிந்தது. கொளுத்தியது முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழை. கறுப்பு மணி உட்கார்ந்துவிட்டது. "பட்டு இல்லம்மா இது" என்று சொன்னதுதான் ஆரோக்கியமேரி செய்த குற்றம். புடவை எடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. சம்பந்திகள் இரண்டு பேர் மட்டும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. தீயணைப்பு வண்டி வந்ததாக இளநீர்க்காரரைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை.

வதந்தியை இத்தோடு மூடி வைத்துவிடலாம். ஆனால் துணி கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கையில், எதிரே அரைகுறையாக நின்ற அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டி மலர் சொன்னாள்: "அதுக்குக்கூட அக்காதான் சட்டை தைச்சாங்க."

ஆரோக்கியமேரியின் கதையில் உண்மையாகவே தீ வருகிற இடம் அது.

அந்தக் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் வேலையை எடுத்தவன் அர்ஜுனன், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். சாரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மேலிருந்து விழுகிற கல்லும் காரையும், சில சமயம் ஆளும், ரோட்டுக்கு வராமல் அது பிடித்துக்கொள்ளும். சாதாரண வலையில் ஒரு பொறி பட்டால் போதும், மெழுகுவர்த்திபோல ஒழுகி எரியும். இந்த பில்டர் தீ பரவாத நெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நெட் வந்தது, முத்திரை குத்திய சர்டிபிகேட்டோடு. ஆனால் அகலம் போதவில்லை. இரண்டிரண்டு விரிப்பாக ஓரம் சேர்த்துத் தைத்தால்தான் சாரத்தை மூடும்.

அர்ஜுனன் நெட் கட்டோடு கடைக்கு வந்தான். "அக்கா, கட்டடத்துக்கு ஒரு சட்டை தைக்கணும்."

"காலர் வேணுமா, வேணாமா?"

"காலர் வேணாம். காத்துல பிச்சிக்காம இருந்தா போதும்."

ஆரோக்கியமேரி நெட்டைத் தொடும் முன் தீப்பெட்டியைத் தொட்டாள். அர்ஜுனன் பதறினான். "அக்கா, இது அந்த மாதிரி நெட் இல்ல. எரியாது. பேப்பர் கீது, சீல் கீது."

"பேப்பர் எரியுமில்ல, தம்பி?" என்றபடியே ஒரு துண்டை வெட்டித் தீக்குச்சியைக் காட்டினாள்.

துண்டு சுருங்கிற்று. கறுத்தது. சுடரை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதுபோல உள்வாங்கிற்று. குச்சியை எடுத்ததும் புகை ஒரு முறை நெளிந்து அடங்கிவிட்டது. மறுபடி காட்டினாள், மறுபடி அணைந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ துணியைக் கொளுத்தியிருக்கிறாள். எரிய மனசே இல்லாத துணியை அன்றுதான் பார்த்தாள். அர்ஜுனன் அளவு சொல்லிக்கொண்டிருந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை. பெட்டியில் குச்சி தீரும்வரை அவள் வேறு வேலை பார்க்கவில்லை.

தையலுக்கு அவள் கண்டுபிடித்த வழியும் சாமர்த்தியமானதுதான். அத்தனை நீள ஓரத்தையும் மெஷினில் மிதித்துத் தைத்தால் முழங்கால் போய்விடும். அரிசி மண்டியிலிருந்து, சாக்கு மூட்டையின் வாயைத் தைக்கிற கைமெஷினை வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்தாள். நெட்டைக் கடை வாசலில் விரித்து, மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும், சடசடவென்று சங்கிலித் தையல் விழும். நூல்? வழுவழு நூல் நெட்டின் கண்ணில் நிற்காமல் நழுவும். சாக்கு தைக்கிற பருத்தி நூல் சொரசொரப்பு, கவ்விக்கொள்ளும். சாக்குநூலே வாங்கினாள். பச்சை நெட்டில் வெள்ளைத் தையல் எடுப்பாகக்கூட இருந்தது. உலகத்துத் துணியை எல்லாம் கொளுத்திப் பார்த்தவளுக்குத் தான் வாங்கிய நூலைக் கொளுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் சோதிப்பது அடுத்தவர் கொண்டுவருவதைத்தான்.

நெட் சாரத்தில் ஏறியது. கட்டடம் பச்சைச் சட்டையில் கம்பீரமாக நின்றது. டீ குடிக்க வருகிறவர்களிடம் மலர் அதைத் தன் வீட்டுப் பையன் பாஸான மாதிரிக் காட்டினாள். அதோடு விடவில்லை. எரியாத துணி வித்தையையும் சேர்த்துவிட்டாள். "அக்கா, இவருக்கு ஒரு தரம் காட்டுங்க" என்பாள். ஆரோக்கியமேரியும் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துக் கொளுத்திக் காட்டுவாள். டீ வியாபாரம் நன்றாக நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இப்படித்தான் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வெறும் துண்டுகள் தீர்ந்திருந்தன. தையல் சரியாக விழுகிறதா என்று வேலை தொடங்கிய அன்று தைத்துப் பார்த்த துண்டு ஒன்று மட்டும் மேஜைக்கு அடியில் கிடந்தது. நடுவில் வெள்ளைத் தையல் ஓடியது. அதைத் தூக்கிப் பிடித்துத் தீக்குச்சியை வைத்தாள்.

வழக்கம்போல நெட் சுருங்கி அணைந்தது. கூட்டம் "ஆஹா" என்றது.

நூல் அணையவில்லை.

சுடர் எதுவும் இல்லை. நூலின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும், மூக்குத்திக் கல் அளவுக்கு. அது மெதுவாகத் தையலோடு நகர்ந்தது. ஒவ்வொரு கண்ணியாக உட்கார்ந்து எழுந்து, எறும்பு போகிற மாதிரி போயிற்று. போன இடமெல்லாம் தையல் விட்டுக்கொண்டே வந்தது. அடிவரை வந்ததும் துண்டு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கீழே விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. வித்தையின் இரண்டாம் பாகம் என்று நினைத்துவிட்டார்கள். "சூப்பர்க்கா, இது புதுசா?" என்றாள் மலர்.

ஆரோக்கியமேரி கையிலிருந்த பாதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கவயலில் பிறந்தவளுக்கு இப்படிச் சத்தமில்லாமல் நகர்கிற நெருப்பைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் பாறை பிளந்ததெல்லாம் இப்படி நகர்ந்த வெடித்திரியால்தான். எதிரே நிமிர்ந்து பார்த்தாள். பச்சைச் சட்டையில் மாடி மாடியாக, மேலிருந்து கீழே, தன் கையால் தைத்த வெள்ளைத் திரிகள் தெரிந்தன.

"மலரு, மேல வெல்டிங் எப்போ ஆரம்பிக்கிறாங்கோ?"

"பால்கனி கம்பிக்கா? திங்கக்கெழமைன்னு டீ குடிக்க வந்த பையனுங்க சொன்னாங்க. ஏன்க்கா, மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சி?"

கடையை மலரிடம் விட்டுவிட்டு, மிச்சமிருந்த சாக்குநூலில் இரண்டு துண்டையும் தீப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

அர்ஜுனன் சைட் வாசலில் போனில் இருந்தான். அவள் நூலைக் கொளுத்திக் காட்டியதை ஒரு கண்ணால் பார்த்தான். போனை அணைத்துவிட்டு, சர்க்கார் ஆபீஸில் பதில் சொல்கிற தோரணையில் பேசினான்.

"அக்கா, கேட்டது நெட்டுக்கு சர்டிபிகேட். நூலுக்கு எவனாவது கேட்டானா?"

"யாரும் கேக்கல. அதான் நான் வந்து சொல்றேன்."

"கேக்காததை ஏன்க்கா சொல்றீங்க?"

"வெல்டிங் பொறி நெட்டுல விழுந்தா நெட்டு அணைச்சிடும். தையல்ல விழுந்தா? கண்ணுக்குத் தெரியாம கீழ வரைக்கும் வரும். தையல் விட்டுப்போச்சின்னா நெட்டு கழண்டு தொங்கும். அப்பறம் கல்லு விழுந்தா யார் புடிப்பாங்கோ, ஆள் விழுந்தா யார் புடிப்பாங்கோ? கீழ மரப்பலகை அடுக்கி வெச்சிருக்கியே, பொறி அதும்மேல வந்து உக்காந்தா?"

அர்ஜுனன் நாலு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நெட்டை எறக்கினா ஒரு வாரம் போயிடும். பில்டர் என் மேல ஏறிடுவாரு. ஏத்தறது எறக்கறது எல்லாம் உங்க கணக்குலதான் வரும். அடுத்த பிளாக் தையலும் உங்களுக்குத்தான்னு வெச்சிருக்கேன். யோசிச்சிப் பாருங்க. நூல் எரியுதுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்க்கத்தான் செய்தாள். அடுத்த பிளாக், அதற்கடுத்த பிளாக், முழங்கால் நோகாத வேலை. மேலே யாரோ சாரத்தில் நடந்தார்கள், பலகை கிறீச்சிட்டது. இதற்கு மேல் யோசிக்க அவளுக்கு எதுவும் இருக்கவில்லை.

"எனக்குத் தெரியும், மலருக்குத் தெரியும். மலருக்குத் தெரிஞ்சா அத்திப்பள்ளி வரைக்கும் தெரிஞ்ச மாதிரி. அந்த சேஃப்டி மேடம் எங்க?"

சேஃப்டி மேடம் என்பது சௌம்யா. அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றினால் காலேஜ் மாணவி மாதிரி இருப்பதால் அதைக் கழற்றுவதே இல்லை. வெல்டிங் ஆரம்பிக்க அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். தகரக் கொட்டகை ஆபீஸில் ஆரோக்கியமேரி சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் மணல் வாளியைத் தூக்கிவந்து வைத்தாள்.

"ஒந்து நிமிஷா ஆன்ட்டி. ஒரு சலம் காட்டுங்க" என்றாள் கன்னடம் கலந்த தமிழில். அவள் ஊரில் தடவைக்குச் சலம் என்று பேர்.

காட்டினாள். சௌம்யா குனிந்து, சிவப்புப் புள்ளி நகர்வதைக் கடைசிவரை பார்த்தாள்.

"இன்னொரு சலம்?"

"துண்டு தீந்துபோச்சி, மேடம்."

"ச்சே." சௌம்யாவுக்கு நிஜமாகவே வருத்தம். அந்த 'ச்சே'யைக் கேட்டதும் ஆரோக்கியமேரிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கொளுத்திப் பார்க்கிற ஜாதி.

"ஆனா ஆன்ட்டி, திங்கக்கிழமை கையெழுத்து போடலேன்னா ஏன்னு எழுதணும். ஃபார்ம்ல நெட்டுன்னு இருக்கு, பைப்புன்னு இருக்கு, பலகைன்னு இருக்கு. நூலுன்னு எடமே இல்ல." சற்று யோசித்தாள். "எடம் இல்லேன்னா ஓரத்துல எழுதுவேன், அது பரவாயில்ல. ஆனா நெட்டை எறக்காம சரி பண்ண ஏதாவது வழி இருந்தா எல்லாருக்கும் நல்லது."

வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "தைக்கத்தான வேணும்? கம்பில தச்சுட்டாப் போச்சு."

குரலுக்குச் சொந்தக்காரர் மதலைமுத்து, கம்பி கட்டும் ஆட்களின் மேஸ்திரி, தூத்துக்குடிக்காரர். குடிதண்ணீர் பிடிக்க வந்தவர், கொளுத்துவதைப் பார்த்து நின்றுவிட்டார். கையில் கம்பியை முறுக்குகிற கொக்கி. அது அவர் கையில் இல்லாத நேரத்தை யாரும் பார்த்ததில்லை.

"கான்கிரீட்டுக்குள்ள கம்பிய கட்டுக்கம்பி போட்டு முறுக்குதோம்லா? அதையே ரெண்டு நெட்டையும் சேத்துப் போட்டு முறுக்குனா முடிஞ்சுது. சாரத்துல நின்னுக்கிட்டே முடிச்சுப்புடலாம். ஞாயித்துக்கெழமை எங்க பயலுவளுக்கு வேலை இல்ல. சும்மா கிரிக்கெட் பாக்கதுக்கு இதப் பாக்கட்டும்."

"கம்பி கட்டினா போதும்தானே? நூல் பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள் சௌம்யா.

"இருந்தா திரி இருக்கற மாதிரிதான, மேடம். நெட்டு நிக்கும், நெருப்பு எறங்கும்" என்றாள் ஆரோக்கியமேரி. "நூலை நான் உருவிடறேன்."

"அத்தனையும் வெட்டி எடுக்க எத்தனை நாளாவும்?" என்றாள் சௌம்யா.

ஆரோக்கியமேரிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அரிசி மூட்டை பிரித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது. சாக்குத் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் கழன்று வரும். தப்பான நுனியைப் பிடித்தால் கத்தரிக்கோலோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான்.

"வெட்டறது எதுக்கு? உருவறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பூசைக்குப் போகாமல் சைட்டுக்குப் போனாள். கீழே மதலைமுத்து ஆட்களோடு தயாராக நின்றார்.

"பூசைக்குப் போவலியாக்கா?"

"நீங்க போவலியா?"

"சாயங்காலப் பூசை இருக்குல்லா."

"எனக்கும் அதேதான்."

சௌம்யா அவளுக்கு ஹெல்மெட் மாட்டி, உடம்பைச் சுற்றிப் பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டினாள். ஆம்பளை அளவில் செய்த பெல்ட், புடவைமேல் எங்கே இறுக்கினாலும் வேறெங்கோ பிதுங்கியது. ஆரோக்கியமேரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பெல்ட்டின் மூட்டில் அடித்திருந்த குறுக்குத் தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். தடித்த நூல். கை தானாகப் பைக்குள் போயிற்று.

"ஆன்ட்டி! அதைக் கொளுத்தாதீங்க. அதுலதான் நீங்க தொங்கப் போறீங்க."

மேல் மாடிக்கு ஆள் ஏற்றும் கூண்டில் போனார்கள். தான் தைத்த சட்டையை உள்பக்கத்திலிருந்து அவள் பார்த்தது அன்றுதான். தைக்கிறவளுக்கு ரவிக்கையின் உள்பக்கம் தெரியாத நாளில்லை. ஆனால் இதன் உள்ளே நின்றால் வெயிலே பச்சையாக இருந்தது. ஓசூர் ரோட்டின் லாரிகள், பொம்மசந்திராவின் தகரக் கூரைகள், மலரின் கடை அடுப்பு எல்லாம் பச்சை. காற்று அடிக்கும்போது நெட் முழுவதும் உப்பி, பிறகு தளர்ந்தது. தூங்குகிற ஏதோ ஒரு பெரிய பிராணிக்குள் நிற்பதுபோல் இருந்தது. பயப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள். பார்ப்பதற்கு இவ்வளவு இருந்ததில் பயப்பட மறந்துபோனாள்.

மதலைமுத்துவின் ஆட்கள் இடுப்பில் கம்பிக் கட்டோடு சாரத்தில் பரவினார்கள். சாணுக்கு ஒரு முறுக்கு. கம்பியை இரண்டு நெட்டின் ஓரத்திலும் நுழைத்து, கொக்கியை மாட்டி மணிக்கட்டை இரண்டு சுழற்றுச் சுழற்றுவார்கள், அவ்வளவுதான். ஒரு தையல் வரிசை முடிந்ததும் "அக்கா, உருவுங்க!" என்று சத்தம் வரும். ஆரோக்கியமேரி கட்டடத்துக்குள்ளேயே நின்று, மாடித் தரையின் விளிம்பிலிருந்து கை நீட்டி மேல்நுனியைப் பிடித்து இழுப்பாள். சர்ரென்று நூல் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து ஓடிவந்து காலடியில் குவியும். முதல் வரிசையில் சௌம்யா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இரண்டாவதை நான் இழுக்கிறேன் என்று கேட்டு வாங்கி இழுத்தாள். மத்தியானத்துக்குள் கம்பி கட்டுகிறவர்களும் முறை போட்டுக்கொண்டு இழுத்தார்கள். தைக்கும்போது எந்த நுனியில் முடித்தோம் என்பது ஆரோக்கியமேரிக்கு நினைவிருந்ததால் வேலை ஓடியது.

கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டது. எந்த நுனியை இழுத்தாலும் வரவில்லை. அது அவள் தைத்த முதல் விரிப்பு. புது வேலை, கெட்டியாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருந்தாள். எந்தப் பாவி இப்படிப் போட்டான் என்று ஓர் ஆள் முணுமுணுத்தான். பாவி குனிந்து முடிச்சை நகத்தால் நெருடினாள். நகம் நுழையவில்லை. கத்தரிக்கோல் வைத்தால் நெட்டே வெட்டுப்படும்.

"உங்க கொக்கியக் கொஞ்சம் குடுங்க."

மதலைமுத்து தயங்கினார். "யாருக்கும் குடுக்கது இல்லக்கா. கைக்குன்னு தேஞ்சது."

"திருடிட்டா போவப் போறேன்?"

கொடுத்தார். கொக்கியின் மூக்கு தேய்ந்து ஊசிபோலக் கூர்மையாக இருந்தது. முடிச்சின் நடுவே சொருகி நெம்பினாள். ஒரு முடிச்சு தளர்ந்தது, அடுத்தது தளர்ந்தது, பிறகு கடைசித் தையலும் சர்ரென்று இறங்கிவந்தது. கீழே சாயங்கால வெயில். நூல் குவியலைச் சாக்கில் அமுக்கிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

திங்கட்கிழமை சௌம்யா கையெழுத்துப் போட்டாள். பால்கனிகளில் வெல்டிங் ஆரம்பித்தது. ஆரோக்கியமேரி கடை வாசலில் நின்று பார்த்தாள். மேலிருந்து பொறி பொறியாகக் கொட்டியது. நெட்டில் பட்டு, பட்ட இடத்திலேயே கறுத்து நின்றது. கம்பி முறுக்குகள் வெயிலில் மின்னின. ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே.

"ஒண்ணுமே எரியலியேக்கா" என்றாள் மலர் ஏமாற்றத்தோடு. காலையிலேயே விஷயத்தைப் பரப்பி, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக ஒரு பாத்திரம் டீ அதிகம் போட்டிருந்தாள்.

"எரியாம இருக்கத்தான் நேத்து பூரா நின்னேன்."

"அது சரி. ஆனா வந்தவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

அந்த ஃபார்மில் இப்போது நூல் என்று ஓர் இடம் உண்டு. இடம் வந்த அன்றைக்கே, தீ பரவாத நூல் என்று முத்திரை குத்திய தாள் ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. நூல் இன்னும் வரவில்லை. அடுத்த பிளாக்கின் நெட்டைத் தைக்கவே வேண்டாம், நேராகக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடலாம் என்று அர்ஜுனன் முடிவு செய்தான். அருமையான யோசனை என்று பில்டர் பாராட்டினாராம். அர்ஜுனனும் மறுக்கவில்லையாம். ஆரோக்கியமேரி சாக்கு மெஷினை மண்டியில் திருப்பிக் கொடுத்துவிட்டு ரவிக்கை மலைக்குத் திரும்பினாள்.

திருப்பிக் கொடுக்காதது ஒன்று உண்டு. அந்த ஞாயிறு சாயங்கால அவசரத்தில் மதலைமுத்துவின் கொக்கி அவள் பைக்குள் போய்விட்டது. மறுநாளே அவரையும் ஆட்களையும் சர்ஜாபுராப் பக்கம் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் தவறாமல் போன் வருகிறது.

"அக்கா, என் கொக்கி?"

"பத்திரமா கீது. வர்ற ஞாயித்துக்கெழமை கொண்டாந்து தர்றேன்."

"போன வாரமும் இதத்தான சொன்னிய."

"போன ஞாயிறு நீங்க எங்க இருந்தீங்கோ? கேட்டுல வாட்ச்மேன் இல்லேன்னு சொல்ட்டான்."

"மேல தளத்துல நின்னேன்க்கா, கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்லா. புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், ஆனா கைக்கு ஒட்ட மாட்டேங்கு."

"அர்ஜுனன்கிட்ட குடுத்தனுப்பவா?"

"ஐயோ வேண்டாம். அவன் எங்கனயாவது போட்டுருவான். நீங்களே வச்சிருங்க. நேர்ல வாங்கிக்கிடுதேன்."

"சரி, சரி" என்றாள் ஆரோக்கியமேரி. போன் அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. மடியில் யாருடைய பாவாடையோ கிடந்தது. தேய்ந்து கூரான அந்தக் கொக்கியின் மூக்கில் நாடாவை மாட்டி, இடுப்பு மடிப்புக்குள் விட்டு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். ஊக்கில் கோத்தால் பாதி வழியில் கழன்றுவிடும். இது கழலவே இல்லை.